உம்மாவின் கையும் வெப்பமானியும்

குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலை அறிவது கல்முனைப் பகுதி உம்மாமாரின் வழக்கம். கிணற்று நீரில் நனைந்த கைக்கு அந்நெற்றி கொதிக்கும்; அடுப்படியில் நின்ற கைக்கோ குளிர்ந்து தோன்றும். கை அறிவது வேற்றுமையை மாத்திரமே. அளவைக் கூறுவது வெப்பமானி.

இரச வெப்பமானியில், சூடேறிய இரசம் விரிந்து நுண்குழாயில் ஏறும். குமிழின் மேலுள்ள ஒடுங்கிய கழுத்து அதனைத் திரும்ப இறங்கவொட்டாது தடுக்கும். ஆதலால் உதறிய பின்னரே மீண்டும் வைத்தல் வேண்டும். இரசம் நஞ்சாதலின், இன்று மின்வெப்பமானிகள் பரவியுள்ளன. அவற்றில் வெப்பத்தோடு மின்தடை மாறுவதே அளவாகின்றது. சுகதேகியின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசு.

வாசகர்களே! டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையிலேயே அபாயம் தொடங்கக்கூடும். அளவு இறங்கிற்றென்று அயர்ந்துவிடாதீர்கள். நேரத்தோடு குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள்.