கேமரா கண் மூடக் கூடாது!

மடத்துக்குளம் பக்கத்து மில்களில் பீகார், ஒடிசா வாலிபர்கள் வேலை பார்க்கிறார்கள். ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் யார் மேல்? பாஷை தெரியாத இவர்கள் மேல்தான்!

இந்தக் கொடுமையை நம்மவர்களும் பட்டிருக்கிறார்கள். 1983-ல் குண்டூருக்குப் பிழைக்கப் போன கோவை சந்திரகுமாரை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி லாக்கப்பில் 13 நாள் வதைத்தார்கள். பிற்பாடு ஆட்டோ டிரைவரான அவர் எழுதிய 'லாக்கப்' நாவல்தான் 2016-ல் 'விசாரணை' படமாக வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். டல்லாஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்த வெளியூர்க்காரர் ராண்டல் ஆடம்ஸ். போலீஸ்காரரைக் கொன்றதாக 1977-ல் அவருக்கு மரண தண்டனை! பிறகு அது ஆயுள் தண்டனை ஆனது. 1988-ல் டைரக்டர் எரால் மோரிஸ் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்' டாகுமெண்டரி படம், பொய்ச் சாட்சிகளைத் தோலுரித்துக் காட்டியது. 12 வருட சிறைவாசத்துக்குப் பின் 1989-ல் ஆடம்ஸ் விடுதலை!

எல்லா அப்பாவிக்கும் ஒரு டைரக்டர் கிடைப்பாரா?

போலீஸ் நிலையம்தோறும் கேமரா வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-லேயே சொல்லிவிட்டது. அது ராத்திரி பகலாக ஓட வேண்டும். பிடிபட்டவனின் பாஷை தெரிந்த ஆளும், இலவச வக்கீலும் முதல் நாளே பக்கத்தில் இருக்க வேண்டும்.

குற்றவாளி தப்பக் கூடாதுதான். அதற்காக, கையில் அகப்பட்டவன் தலையில் கட்டிவிடலாமா?