பெட்ரோலின் தரமும் விலையும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மோட்டார் சைக்கிளில் அவ்வழியே தினமும் ஏறி இறங்கும் மலைவாசிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் எத்தனை தூரம் ஓடும் என்பது ஜீவனப் பிரச்னை. அவன் பெட்ரோல் பங்க்கில் நிற்கையில், விலை உயர்ந்த சரக்கே மலைக்கு ஏற்றது என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடுகிறான். இது தவறு என்பது நமது அபிப்பிராயம்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியை அளப்பதன்று. இயந்திரத்தினுள் தீப்பொறியின் ஜ்வாலை எட்டுமுன் எரிபொருள் தானாக வெடித்து, 'டக் டக்' என்ற தட்டல் உண்டாகாதபடி தாங்கும் குணத்தின் அளவே அது. அழுத்தம் மிகுந்த இயந்திரத்துக்கு உயர்ந்த எண் அவசியம். சாதாரண இயந்திரத்துக்கு அது வீண் செலவே. உயரம் ஏற ஏறக் காற்று லேசாவதால் இத்தேவை குறையுமேயன்றிக் கூடாது. பாரம் மிகுந்து தட்டல் கேட்குமாயின் கியரைக் குறைப்பதே முதல் பரிகாரம். 100 ரூபாய்ச் சரக்குக்கு 107 ரூபாய் கொடுப்பவனுக்கு, ஓட்டமும் நூற்றுக்கு ஏழு பங்கு கூடினாலன்றி நஷ்டமே. 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோல் நம் நாட்டில் அறிமுகமானபொழுது டெல்லியில் அதன் விலை லிட்டர் 160 ரூபாய்! அது யாருக்காக என்று சொல்லவும் வேண்டுமோ?

இனி சாதாரணப் பெட்ரோலின் கதையைக் கேளுங்கள். 2025-இல் நாடெங்கும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இதனால் ஆக்டேன் எண் 91-லிருந்து 95 ஆக உயர்ந்தது என்று சர்க்கார் பெருமை கொள்கின்றனர். ஆனால் அளவுக்கு அளவு எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய இருசக்கர வண்டிகளுக்கு நூற்றுக்கு 3 முதல் 4 வரையும், பழைய கார்களுக்கு 6 முதல் 7 வரையும் ஓட்டம் குறையும் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் வருஷத்து அறிக்கையே ஒப்புக்கொண்டது. அந்நஷ்டத்துக்கு ஈடாக வரிச் சலுகை அளிப்பதை யோசிக்கலாம் என்றும் அதுவே கூறிற்று. கலப்பு வந்தது, சலுகை எங்கே?

எத்தனாலை நாம் வெறுப்பவரல்லர். அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணம் நமது விவசாயிக்குச் சேருமாயின் அது தேச நன்மையே. 2018-ஆம் வருஷத்து உயிரி எரிபொருள் கொள்கையில் மரவள்ளியும் மூலப்பொருளாக இடம்பெற்றிருக்கிறது. மரவள்ளி விளைவிக்கும் கொல்லிமலைக் குடியானவனுக்கு இதனால் நியாய விலை கிட்டுமாயின் முதலில் வாழ்த்துபவர் நாமே. ஆயினும் லாபம் தேசத்துக்கென்றும் நஷ்டம் ஏழைக்கென்றும் பங்கு பிரிப்பது தர்மமாகாது.

சரக்கின் தரத்தையும் விலையையும் அறிவது வாங்குபவனின் உரிமையென்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே ஒவ்வொரு பங்க்கிலும் ஆக்டேன் எண்ணும் எத்தனால் பங்கும் தமிழில் பெரிய எழுத்தில் காணப்பட வேண்டும். குறைந்த ஓட்டத்துக்கு ஈடாக வரி குறைய வேண்டும். நண்பர்கள் ஊர்தோறும் இவ்விரண்டையும் வற்புறுத்துவார்களாக. கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும்.