விதை வேற, தீனி வேற

பேத்தி ரெண்டு லவ் பேர்ட்ஸ் வளர்த்தா. முளைகட்டின தானியம் குருவிக்கு நல்லதுன்னு யாரோ சொல்ல, நான் விதைச்சது போக மிச்சம் வச்சிருந்த கம்பை ஊறவச்சுக் கொடுத்துட்டா. மறுநாள் ரெண்டும் கூண்டுல செத்துக் கிடந்துச்சு. அது மருந்து தடவின சிவப்பு விதை. பிள்ளை கைக்கு எட்டுற இடத்துல வச்சது என் தப்புதான்.

இதைச் சொன்னா, "மூணு தண்ணி விட்டுக் கழுவினா போயிடும்ங்க"ன்னு சிலர் எனக்கே பாடம் நடத்துறாங்க. சாயம் போகும், மருந்து போகாதுங்க! இமிடாகுளோப்ரிட், மெட்டலாக்சில் எல்லாம் முளைக்குள்ள ஏறி நிக்கிற மருந்து. பூச்சி, நோய் வராம இருக்கத்தானே தடவுறோம்? அந்த முளையையே குருவிக்குக் கொடுத்தா எப்படி? உணவுக்கோ தீனிக்கோ ஆகாதுன்னு பையிலயே போட்டிருக்கும். பையைப் பிரிச்சுச் சில்லறையா விக்கிறவங்க அதை வாயாலயாவது சொல்ல வேணாமா?

முளைகட்டுறதை நான் குறை சொல்லல. மளிகைக் கடையில சாப்பிடுற கம்பு, பச்சைப்பயறு வாங்குங்க. 8 மணி நேரம் ஊறவச்சு, வடிச்சு, துணியில கட்டுங்க. காலையும் சாயங்காலமும் அலசுங்க. முளை எட்டிப் பார்த்ததும் கொடுங்க. புளிச்ச வாடை வந்தா வேண்டவே வேண்டாம். சோளத்தை முளைகட்டாதீங்க. இளஞ்சோளம் மேய்ஞ்ச மாடு என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், முளையிலயும் அதே நஞ்சுதான்.

உங்க வீட்டு மிச்ச விதை எங்க கிடக்குன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க.