தொண்ணூற்றொன்பது ஆடுகளும் ஒற்றை ஆடும்

தாவூத் நபி (அலை) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்த இருவரைப் பற்றித் திருமறையின் 38ஆம் அத்தியாயம் கூறுகிறது. 99 ஆடுகளை உடையவன், ஒரே ஓர் ஆட்டை உடைய தன் சகோதரனிடம் அதையும் தந்துவிடச் சொல்கிறான். வாதத்திலும் அவனை வென்றுவிடுகிறான். கூட்டாளிகளுள் நீதி தவறாதோர் சிலரே என்னும் எச்சரிக்கை அவ்விடத்தில்தான் வருகிறது.

இன்று அந்த ஆடுகளுக்குப் பங்குகள் என்று பெயர்.

வாப்பா தொடங்கிய வணிகம் பிரைவேட் லிமிடெட் ஆகிறது. அவர் வஃபாத்தானபின் ஃபராயிள் முறைப்படி பெண்மக்களுக்கும் பங்குகள் பிரிக்கப்படுகின்றன. மார்க்கக் கடமை நிறைவேறியதென்று குடும்பம் ஆறுதல் கொள்கிறது. அநீதி அதன் பிறகே தொடங்குகிறது.

இயக்குநர்களான சகோதரர்கள் இலாபத்தையெல்லாம் சம்பளமாகவும் கார் செலவாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். ஈவுத்தொகை மட்டும் ஒருபோதும் அறிவிக்கப்படுவதில்லை. பங்கை வெளியாருக்கு விற்கவோ நிறுவன விதிகள் இடந்தருவதில்லை. பின்னர்ப் புதிய பங்குகள் வெளியிடப்படுகின்றன. பணம் போட இயலாத சகோதரியின் பங்கு சுருங்குகிறது. இறுதியில், இன்றைய நிலமதிப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல், முகமதிப்புக்கு விலை பேசுகிறார்கள்.

கேட்டால், "பெரும்பான்மை எங்களிடம், எல்லாம் சட்டப்படிதான்" என்கிறார்கள். சட்டமே அவ்வாறு சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 241, ஓர் உறுப்பினருக்கு ஊறு விளைவிக்கும் வகையிலோ ஒடுக்கும் வகையிலோ நிறுவனம் நடத்தப்பட்டால் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை நாட வழி தருகிறது. அவருடைய பங்குகளை மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமென ஆணையிடும் அதிகாரத்தைப் பிரிவு 242 வழங்குகிறது. மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் முறையிடலாம். அல்லது உறுப்பினர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பகுதியினர் முறையிடலாம். அப்படியெனில், பத்துப் பேருக்கு மேற்படாத குடும்ப நிறுவனத்தில், பங்கு எவ்வளவு சுருங்கியிருப்பினும் ஒருவர் தனித்தே வழக்குத் தொடுக்கலாம். ஆனால் பொதுவாக உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயர் இருத்தல் வேண்டும். எனவே பங்கு கைக்கு வந்தவுடன் பெயரைப் பதிவு செய்வதே பெண்மக்களின் முதற்கடமை.

கம்பள வணிகக் கூட்டாளிகளான இப்ராஹீமியும் நாசரும் 1958இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தை அமைத்தனர். நாசரின் மகனும் அதில் சேர்ந்தபின், தந்தையும் மகனும் கூடி 1969இல் இப்ராஹீமியை இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கினர். ஈவுத்தொகையே வழங்காத நிறுவனமாதலால் அவருடைய வருவாய் அத்தோடு நின்றது. நீக்கம் சட்டப்படியே நடந்தது. ஆயினும், பரஸ்பர நம்பிக்கையின் மீது எழுந்த நிறுவனத்தில் சட்ட உரிமையை நியாயத்துக்கு மாறாகச் செலுத்தலாகாது என்று கருதிய பிரபுக்கள் சபை, 1972இல் அந்நிறுவனத்தைக் கலைக்கவே தீர்ப்பளித்தது. உலகியல் நீதிமன்றம் உணர்ந்த இந்த அமானிதத்தை, மறுமையை நம்பும் நாம் உணராதிருப்பது எத்துணை இழிவு!

உழைக்கும் சகோதரனுக்கு ஊதியம் வேண்டாமா? நிச்சயமாக வேண்டும். அனைவரும் அறிய, தகுந்த அளவில் நிர்ணயித்துக் கொடுக்கட்டும். உழைப்பின் கூலி வேறு, முதலின் பங்கு வேறு. முன்னதன் பெயரால் பின்னதை விழுங்குவதே நாம் கண்டிக்கும் குற்றம். அப்பணத்தில் மதரஸாவுக்கு நன்கொடை கொடுத்தாலும் ராத்தாவின் ஹக்கு தீர்ந்துவிடாது.

ஊர்ப் பெரியவர்களிடமும் நமக்கொரு கேள்வி உண்டு. பறிகொடுத்தவளிடம் மட்டும் ஸபுரு செய்யச் சொல்வது ஏன்? அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவ்வுதவி என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பறித்தவனின் கதவைத் தட்டாத நாட்டாமை, குடும்ப மானத்தைக் காப்பதாகாது, ஜுல்முக்குத் துணைபோவதாகும்.

கடனையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. எனவே நிறுவனம் தொடங்கும்போதே எழுதி வையுங்கள்: இலாபத்தில் எத்தனை விழுக்காடு பகிரப்படும், இயக்குநர் சம்பளத்தை யார் முடிவு செய்வது, விலகுவோரின் பங்கை நடுநிலை மதிப்பீட்டாளர் எவ்வாறு மதிப்பிடுவார். பிணக்கு எழுந்தால், கணக்கறிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஜமாஅத் சமரசம் பேசட்டும். அது பலிக்காவிடில் தீர்ப்பாயத்தின் படியேறுவது பாவமன்று. பங்கை விழுங்குவதே பாவம்.

ஒற்றை ஆட்டையும் கேட்டவனாக நம்மில் எவரையும் மறுமையில் எழுப்பாமல் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.