கத்திக்குப் பயந்து

கரவனெல்லச் சந்தியில் நான் வைத்திருக்கும் போட்டோகொப்பிக் கடைக்கு இரண்டு வருமானம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் அடையாள அட்டைப் பிரதி ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மாதிரி வினாத்தாள் மற்றது. கடை தொடங்கிய காலத்தில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தாள் மட்டும்தான் வரும். பிறகு நான்காம் வகுப்பு வந்தது. இப்போது மூன்றாம் வகுப்புத் தாள்தான் அதிகம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பது கேள்வி, சரியான விடையின் கீழ் கோடு, ஒரு மணி நேரம். இந்தக் கட்டுரை என் பிழைப்பில் நானே மண் போடும் வேலை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன தவணை தொடங்கியபோது பால் வெட்டுக்குப் போகிற அக்கா ஒருவர், விரலில் காய்ந்த இறப்பர்ப் பால் இன்னும் உரியாமல், முப்பத்திரண்டு பக்கக் கட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். "மூணாம் வகுப்புக்கு எதுக்கக்கா இவ்வளவு?" என்று கேட்டேன். "எம்புள்ள கையில கத்தி வரக் கூடாது தம்பி. அதுக்குத்தான்" என்றார். அன்றைக்கு அவருக்கு விழுந்த பேரில், அதாவது நாள் கூலியில், எவ்வளவு அந்தக் கட்டுக்குப் போனது என்று எனக்குத் தெரியும். காசை வாங்கி லாச்சிக்குள் போட்டேன், பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கத்தி வரக் கூடாது. அதில் எனக்கும் அக்காவுக்கும் ஒரு நூல் வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சோடு இன்னொரு நம்பிக்கை ஒட்டுப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. மரம், மண், அடுப்பு, சுண்டு, சாண், இவற்றின் பக்கம் பிள்ளையின் கண்ணே போகக் கூடாது. தாளில் இருப்பதுதான் படிப்பு. கை அழுக்கானால் அது வேலை, வேலை பழகினால் பிள்ளை தோட்டத்தோடு நின்றுவிடும். யட்டியாந்தோட்டையிலிருந்து பதுளை வரை இதைச் சாமி வாக்குப் போல நம்புகிறோம். பயம் நியாயமானது. பயந்து ஓடிய திசைதான் பிழை.

பயம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளையின் படிப்பைத் துரைமார் பொறுப்பில் விட்டது. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக்கு, ஆள் தேடுகிற துரை பள்ளிக்கூடம் நடத்தினால் எப்படி நடத்துவார்? 1945இல் இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தபோதும் நம் லயத்துப் பள்ளிக்கூடம் வெளியேதான் நின்றது. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களின் பின்பாதியில்தான் அரசு அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. கடலுக்கு அந்தக் கரையில், சென்னை மாநிலத்தில், முதலமைச்சர் ராஜாஜி 1953இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் வைத்த பெயர்தான் அதற்கு நிலைத்தது. பெரியாரும் மற்றவர்களும் மூட்டிய எதிர்ப்பில் 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். இங்கே 1972 சீர்திருத்தம் கொண்டுவந்த தொழில்முன்னிலைப் பாடங்களையும் மக்கள் நம்பவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அவையும் போயின. "வேலை பழக்குகிறோம்" என்று மேலேயிருந்து யாராவது சொன்னால் கீழே நிற்பவன் சந்தேகப்படத்தான் வேண்டும். பிள்ளைக்குக் கைவேலையையும் படிப்பாக்கலாம் என்று நான் பேசத் தொடங்கியதும் கடைக்கு வருகிற வாத்தியார் ஒருவர் "என்ன தம்பி, குலக்கல்வியா?" என்று கேட்டார். சரியான கேள்வி.

குலக்கல்வி பிள்ளையை அதன் அப்பனுடைய தொழிலுக்குள் அனுப்பியது. நான் சொல்வது, எல்லாப் பிள்ளையும் எல்லாத் தொழிலையும் ஒரு வருடம் தொட்டு, அளந்து, ஏன் இப்படி என்று கேட்டுப் பார்ப்பது. துரை வீட்டுப் பிள்ளையும் சேர்த்துத்தான். தொழிலுக்கு ஆள் அனுப்புவது வேறு, தொழிலைக் கணக்குக் கேட்பது வேறு.

யோசனை என்னுடையதல்ல, வால்டோர்ஃப் கல்வியிலிருந்து எடுத்தது. வால்டோர்ஃப் கல்வி என்றால் இன்றைக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் வசதியானவர்கள் கட்டணம் கட்டிச் சேர்க்கும் பள்ளி, தேன்மெழுகுக் கலர்க்கட்டி, மர விளையாட்டுச் சாமான் என்றுதான் படங்களில் தெரியும். தொடக்கம் அப்படி இல்லை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வால்டோர்ஃப்-அஸ்டோரியா என்று ஒரு சிகரெட் தொழிற்சாலை இருந்தது. போரில் தோற்று நாடே கொந்தளித்துக் கிடந்த 1919 ஏப்ரலில் ருடோல்ஃப் ஸ்டெய்னர் என்ற சிந்தனையாளர் அங்கே போய்த் தொழிலாளர் முன்னால் பேசினார். முதலாளி எமில் மோல்ட் பணம் போட்டார். அந்த வருடம் செப்டம்பரிலேயே தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தாயிற்று. வெளியிலிருந்து வசதியானவர்களின் பிள்ளைகளும் வந்து அதே வாங்கில் உட்கார்ந்தார்கள். 1938இல் நாஜி அரசு அதை மூடியது. சிகரெட் சுற்றியவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒன்றைப் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆகாது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

ஸ்டெய்னரின் மறுபிறவிக் கணக்கு, ஆவியுலகக் கதை, நிறத்தையும் இனத்தையும் வைத்து அவர் பேசியவை எதையும் நான் வாங்கவில்லை. கறுப்புத் தோலுள்ள யாரும் வாங்கத் தேவையில்லை. கீரைக் கட்டு வாங்கினால் புல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தானே சமைக்கிறோம்.

எனக்கு வேண்டியது அவர்களுடைய மூன்றாம் வகுப்பு. ஒன்பது வயதை நெருங்கும்போது பிள்ளைக்கு ஒரு தனிமை வரும் என்பது அவர்கள் கணிப்பு. அதுவரை அம்மா, வீடு, உலகம் எல்லாம் ஒன்று. இனி நான் வேறு. ஆகவே அந்த வருடத்துக் கதை பைபிளின் பழைய ஏற்பாடு, தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஆதாமும் ஏவாளும். துரத்தப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? பயிர் வைப்பார்கள், உடுப்புச் செய்வார்கள், வீடு கட்டுவார்கள், அளந்து பங்கு போடுவார்கள். வருடத்தின் பெரிய பாடங்கள் இவைதான். ஒன்றை எடுத்தால் மூன்று நான்கு வாரம் அதிலேயே கிடப்பது. அச்சடித்த புத்தகம் பெரிதில்லை. பிள்ளை தன் கொப்பியில் எழுதிப் படம் போட்டு உண்டாக்குவதுதான் புத்தகம்.

"ஏதேன் தோட்டம்" என்று நான் கதையைத் தொடங்கியதும் என் மகள் கேட்டாள்: "அது எந்தப் பக்கம் அப்பா? அங்க தொரை யாரு?" சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நமக்கு இந்தக் கதையை இரவல் வாங்க வேண்டிய தேவையே இல்லை. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவின் பக்கம் எழுதினார்கள். என் பெரியப்பா குடும்பமும் அந்தக் கணக்கில் போனது. கப்பல் ஏறுவதற்கு முன் அவர் லயத்துக்குப் பின்னால் நட்ட பலா இன்னும் காய்க்கிறது. பழத்தை நாங்கள் தின்கிறோம். மகளுக்கு நான் சொல்லும் மூன்றாம் வகுப்புக் கதை அதுதான்.

பாடத்தை அளவையில் தொடங்கினோம். என் அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர், இன்னும் லயத்தின் பழைய ஒற்றை அறையில், காம்பராவிலேதான் இருக்கிறார். முதலில் முறைத்தார். "அந்தக் கருமத்தையெல்லாம் புள்ளைக்கு ஏன்டா காட்டுற?" என்றார். பால் வெட்டு வேண்டாம், காம்பராவைச் சாண் போட்டு அளந்து காட்டுங்கள் என்றேன். நீளவாட்டில் என் அம்மாவுக்கு, மகளின் அப்பாயிக்கு, பதினெட்டுச் சாண். மகளுக்கு இருபத்துநான்கு. "ஒரே காம்பரா எனக்கு மட்டும் எப்புடிப் பெருசாச்சு?" என்று மகள் நடுவீட்டில் நின்றுவிட்டாள். மீற்றர் என்று ஒன்றை உலகம் ஏன் பொதுவாக வைத்தது என்று நான் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவளே அடிமட்டத்தைத் தேடி எடுத்தாள்.

பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். 120 சதுர அடி. புதிய வீட்டுத் திட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்குச் சொன்ன காணி ஏழு பேர்ச்சஸ், ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடியும் காலும். அந்தக் காணிக்குள் எத்தனை காம்பரா அடங்கும் என்று வாசலில் குச்சியால் கட்டம் போட்டோம். பதினைந்து அடங்கி மிச்சமும் இருந்தது. "பதினஞ்சு குடும்பம் இருக்கிற எடமா ஒரு வீட்டுக்கு?" என்று மகள் வாயைப் பிளந்தாள். வெற்றிலையை மென்றுகொண்டிருந்த அப்பாயி சொன்னார்: "இல்லடி. ஒரு வீட்டுக்கு வேண்டிய எடத்துலதான் பதினஞ்சு குடும்பத்த அடைச்சு வச்சிருந்தானுங்க."

எந்த வினாத்தாளில் இந்தக் கணக்கு இருக்கிறது?

அதற்குப் பிறகு அவர் தானாகவே வாய் திறந்தார். விடியும் முன் ஏன் போக வேண்டும்: வெயில் ஏறினால் பட்டைக்குள் பாலைத் தள்ளும் அழுத்தம் இறங்கிவிடும், ஒழுக்கு நின்றுவிடும். கத்தி ஏன் ஆழமாகப் போகக் கூடாது: கட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய படை காயப்பட்டால் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாய் வரும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் பட்டைதான் சீவலாம். இரண்டு வெட்டுக்கு மூன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மாதத்தில் கோடு எவ்வளவு கீழே இறங்கும்? மகள் அடிமட்டத்தோடு மரத்தடிக்குப் போனாள். இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். கத்தியை அவள் தொடவில்லை, நானும் தொடவிடவில்லை.

அக்காவின் மகன் ஒருநாள் கடைக்கு வந்தபோது தாளில் இருந்த கேள்வியைக் கேட்டேன்: ஒரு லீற்றர் எத்தனை மில்லிலீற்றர்? கண் இமைக்குமுன் ஆயிரம் என்றான். ஒரு லீற்றர் எவ்வளவு இருக்கும், கையால் காட்டு என்றேன். முகட்டைப் பார்த்தான். அவன் அம்மா தினம் வாளி வாளியாகப் பால் சுமக்கிறார். அந்தப் பாலை ஊற்றும் இடத்தில் மெற்றோலக் என்ற மிதவைக் கருவியைப் போட்டுப் பாலில் இறப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மூன்று லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ வாக்கில் வரும். பால் நீர்த்திருந்தால் குறையும். கருவி எந்தக் கோட்டில் நின்றது என்பதை எழுதுகிறவர் எழுதுவார், வாளியோடு நிற்பவர் வீடு திரும்புவார். கோட்டை வாசிக்கத் தெரிந்தவன் ஒரு பக்கமும் தெரியாதவன் மறுபக்கமும் நின்றதில்தான் எத்தனையோ தலைமுறையாக நம் பேர் அரைப்பேரானது. பிள்ளையின் கையில் கத்தி வராமல் தடுப்பது அந்தக் கோட்டை வாசிக்கிற கண்தான். ஆயிரத்தின் கீழே கோடு போடப் பழகிய கை அல்ல.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்மேற்கு மழை தொடங்கும்போது பீர்க்கும் மரவள்ளியும், மழையை அளக்க வாய் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலும். ஆகஸ்ட் வாக்கில் இறப்பர்க் காய் வெடித்துக் கொட்டை சிதறும்போது பெருக்கலும் வகுத்தலும். வீடு கட்டும் மாதத்தில் சரிவும் நீரோட்டமும். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கிய பிறகு இந்தப் பாடம் இங்கே யாருக்கும் அலங்காரமல்ல. கொக்கி ஊசியில் நூல் பின்னுவதும் திட்டத்தில் உண்டு. மகள் தொடங்கிய தொப்பி பாதியில் கிடக்கிறது.

யாருக்கு நேரம் இருக்கிறது என்பீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை பள்ளி கட்டாயம், அப்படியே இருக்கட்டும். டியூஷனுக்குப் போகும் அந்த மாலை நேரத்தில் அரை மணி போதும். ஒரு மாதத்துக்கு ஒரே விஷயம். ஒரு மாலை நீங்கள் சொல்லுங்கள், தூங்கி எழுந்து மறுநாள் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும், மூன்றாம் நாள் எழுதி வரையட்டும். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அப்பாயிகூட நடத்தக்கூடிய பாடம் இது. எங்கள் வீட்டில் பாதியை நடத்தியது அவர்தான். நம்முடைய பள்ளிகளின் பாடத்திட்டத்திலேயே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பெயரில் செயற்பாடு இருக்கிற அதையும் கோடிடும் கேள்வியாக்கித்தான் என் கடைக்குக் கொண்டு வருகிறார்கள்.

புலமைப்பரிசில்? இப்படிப் படித்தால் பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். டியூஷன்காரர்களும் கொடுக்க முடியாது; எழுதுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் தாண்டுவதில்லை. அதற்காகத் தாளே வேண்டாம் என்கிறேனா? இல்லை. காலம் பார்க்கச் சொல்கிறேன். இறப்பர்க் கன்று நட்டு ஆறு வருடம் போல ஆகி, மரத்தின் சுற்றளவு 50 சென்ரிமீற்றர் வந்ததா என்று நாடா பிடித்துப் பார்த்த பிறகுதான் முதல் வெட்டு வைப்பார்கள். அதற்கு முன் கத்தி வைத்தால் கங்காணி சும்மா விடமாட்டார், மரம் கெட்டுவிடும் என்று சத்தம் போடுவார். எட்டு வயதில் வெட்டத் தொடங்குகிற நம்மைப் பார்த்துச் சத்தம் போட ஆளில்லை.

வருகிற தவணையிலிருந்து என் கடையில் மூன்றாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் போட்டோகொப்பி எடுப்பதில்லை. ஐந்தாம் வகுப்புத் தாளைக் கொண்டு வாருங்கள், எடுத்துத் தருகிறேன். அக்கா, உங்கள் மகனுக்கென்று ஒரு அளவு நாடா வாங்கி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.