நூறு பேரை மறந்துவிட்டோம்

1977 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டரை மணி தாண்டியிருந்தது. கேலாங் பாத்தாவுக்கு அப்பால், தஞ்சோங் கூப்பாங் சதுப்பு நிலத்தில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து வெடித்தது. மாஸ் நிறுவனத்தின் எம்.எச். 653. மாலை 7:21-க்குப் பினாங்கில் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் கோலாலம்பூருக்கு அருகே சுபாங்கில் இறங்கியிருக்க வேண்டிய போயிங் 737. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர். நூறு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மலேசிய மண்ணில் இன்றுவரை நடந்த விமானப் பேரிடர்களில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான்.

நடந்தது நம் ஜோகூரில். ஆனால் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒரு ஜோகூர்த் தமிழரிடம் தஞ்சோங் கூப்பாங் என்று சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம் நினைவுக்கு வரும், கடலைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடிகள் நினைவுக்கு வரும். விமானம் வராது. அதே ஆளிடம் எம்.எச். 370 எங்கே போயிற்று என்று கேளுங்கள், மூன்று கதைகளாவது சொல்வார். இரண்டாம் பாலம் திறந்த 1998-லிருந்து நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் விடியுமுன் அந்த வட்டாரத்தைக் கடந்துதான் துவாசுக்கு வேலைக்குப் போகிறார்கள். இந்தச் சாலைக்கு அருகே நூறு பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் குற்றத்தை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. வீட்டில் சொல்லவில்லை, பள்ளியில் சொல்லவில்லை, நம் சங்கக் கூட்டங்களில் சொல்லவில்லை, நம் ஏடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எழுதுவோம் என்று யாரும் முனையவில்லை.

அன்று நடந்ததை இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். விமானம் சுபாங்கை நெருங்கி, பத்து ஆராங் பக்கம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கடத்தல்காரன் இருக்கிறான் என்று கேப்டன் ஜி. கே. கஞ்சூர் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவித்தார். சுபாங்கில் அவசர ஏற்பாடுகள் நடந்தன. சற்று நேரத்தில், சிங்கப்பூருக்குப் போகிறோம் என்று விமானத்திலிருந்து தகவல் வந்தது. 8:15-க்குப் பிறகு பேச்சே இல்லை. பின்னால் கிடைத்த ஒலிப்பதிவில் விமானி அறைக்குள் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் பதிவாகியிருந்தது. ஓட்ட ஆளில்லாமல் போன விமானம் ஏறக்குறையச் செங்குத்தாகச் சதுப்புக்குள் பாய்ந்தது. அடையாளம் காணும்படி ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. பொறுக்கி எடுத்த எச்சங்களில் தோட்டா ஏதும் தென்படுமா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கடத்தியவன் யார், என்ன கேட்டான், ஏன் சுட்டான் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

வேளாண்மை அமைச்சர் அலி ஹாஜி அகமட் அதில் இருந்தார். பொதுப்பணித் துறையின் தலைவர் மாஃபூஸ் காலிட் இருந்தார். ஜப்பானுக்கான கியூபாவின் தூதரும் இருந்தார். பதவியில் இருந்தவர்களின் பெயர்கள் எப்படியோ பதிவில் நின்றுவிட்டன. மற்றவர்களில் நம்மவர் யார் யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தக் கம்பம், யாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்று தேடி எழுதி வைக்க நமக்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இருந்தது. எழுதவில்லை. இன்று அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.

அன்றைக்கும் ஊகத்துக்குக் குறைவில்லை. பழி ஜப்பானியச் செம்படையின் மேல் விழுந்தது. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. 1975 ஆகஸ்டில் அந்த அமைப்பினர் கோலாலம்பூர் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிணை பிடித்திருந்தார்கள். தஞ்சோங் கூப்பாங்குக்கு இரண்டு மாதம் முன்பு, 1977 செப்டம்பர் 28-ல், ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தி டாக்காவில் இறக்கியிருந்தார்கள். ஆனால் எம்.எச். 653-ல் அவர்கள் கை இருந்ததென்று எவரும் நிரூபிக்கவில்லை. விமானத்தில் இருந்த வேறு சிலரின் மேலும் பேச்சு திரும்பியது. அந்தப் பேச்சுகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. இறந்தவர்கள் வந்து மறுப்புச் சொல்ல முடியாது.

இதே காரியத்தைத்தான் 2014-ல் பல மடங்கு பெரிதாகச் செய்தோம்.

மார்ச் 8, சனிக்கிழமை அதிகாலை. பெய்ஜிங் நோக்கிப் போன எம்.எச். 370, 239 பேருடன் காணாமல் போனது. அன்று மதியமே, எங்கோ பத்திரமாக இறங்கிவிட்டது என்ற செய்தி நம் கைப்பேசிகளில் சுற்றியது. உறவினர்கள் விடுதியில் காத்துக்கிடந்த நேரத்தில் அந்தப் பொய் அவர்கள் காதுக்கும் போனது. திருட்டுக் கடப்பிதழில் இருவர் ஏறியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களைப் பயங்கரவாதிகள் ஆக்கினோம். ஐரோப்பாவில் தஞ்சம் தேடிப் போன ஈரானிய இளைஞர்கள் என்று சில நாளில் தெரிந்தது. நாம் வருத்தம் தெரிவித்தோமா? அடுத்த கதைக்குப் போய்விட்டோம். தியேகோ கார்சியா தீவு என்றோம், தாலிபான் என்றோம், சரக்கில் என்னவோ இருந்தது என்றோம். விமானியின் குடும்ப வாழ்க்கையைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அலசினோம். அவருக்கும் பிள்ளைகள் உண்டு என்ற நினைப்பு ஒரு கணம்கூட நமக்கு வரவில்லை. விமான நிலையத்தில் இளநீரும் மூங்கிலும் வைத்துச் சடங்கு செய்த பொமோ மந்திரவாதியைப் பார்த்து நாடே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் விமானம் கிளம்பிய நேரத்துக்கு ஜாதகம் கணித்துச் சொன்னவர்களை நம் பக்கத்தில் யாரும் தடுக்கவில்லை. கேட்டுக்கொண்டோம், அடுத்தவருக்கும் அனுப்பினோம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் வாய் நாம்தான்.

அந்த விமானத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட சந்திரிகா சர்மா இருந்தார். சிறு மீனவர்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் உழைத்த ஓர் அனைத்துலக அமைப்பின் செயலாளர். மங்கோலியாவில் நடந்த உணவு, வேளாண்மை அமைப்பின் கூட்டத்தில் அவர்களுக்காகப் பேசப் போய்க்கொண்டிருந்தார். கடலை நம்பி வாழ்பவர்களுக்காக வாழ்ந்த ஒரு பெண் கடலில் காணாமல் போனார். அவர் செய்த வேலை என்ன, அது யார் கையில் தொடர்கிறது என்று கேட்ட தமிழர்கள் நம்மில் எத்தனை பேர்? ஒரு வாரம் பெயரைச் சொன்னோம், அப்புறம் தியேகோ கார்சியாவுக்குத் திரும்பிவிட்டோம்.

இதைவிடக் கனமான குற்றம் ஒன்று இருக்கிறது. தெரிந்த விஷயங்கள் நம் கண் முன்னே கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்து யாரையும் கேள்வி கேட்கவில்லை. விமானம் ராடார் திரையில் மறைந்தது அதிகாலை 1:21-க்கு. தேடி மீட்கும் மையம் முடுக்கிவிடப்பட்டது 5:30-க்கு. நான்கு மணி நேரம். அதற்குள் விமானம் மலாக்கா நீரிணையைத் தாண்டி இந்தியப் பெருங்கடலுக்குள் வெகுதூரம் போய்விட்டது. செயற்கைக்கோளோடு அது பரிமாறிய கடைசிச் சமிக்ஞை காலை 8:19-க்கு என்பதால், ஏழு மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறது என்று பின்னால் கணக்கிட்டார்கள். அந்த நான்கு மணி நேரம் எப்படிக் கழிந்தது? யார் யாரை அழைத்தார்கள், யார் அழைக்கவில்லை? நாட்டையே உலுக்கியிருக்க வேண்டிய கேள்வி இது. கோயில் மண்டபத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ இதை யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை. சுவாரசியம் இல்லாத கேள்வி என்பதுதான் காரணம்.

2018 ஜூலை 30-ல் இறுதி அறிக்கை வந்தது. விமானம் காணாமல் போனதற்கான உண்மைக் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றது. ஒற்றை வரியில் அதைப் படித்துவிட்டு, பார், ஒன்றுமே சொல்லவில்லை என்று தூக்கிப் போட்டோம். அறிக்கை நிறையவே சொல்லியிருந்தது. கோலாலம்பூர், ஹோசிமின் ஆகிய இரு கட்டுப்பாட்டு நிலையங்களும் விதிமுறைப்படி நடக்கவில்லை என்று குறை கண்டது. மறுநாளே விமானப் போக்குவரத்துத் துறையின் தலைவர் பதவி விலகினார். அதற்கடுத்த ஆண்டு, 2019 நவம்பரில், மலேசியாவின் விமானப் பாதுகாப்பு மேற்பார்வையை அமெரிக்கா இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. மீண்டும் முதல் தரம் கிடைக்க 2022 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த இடைக்காலத்தில் பயணம் போனபோதெல்லாம் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டு விமானங்களில்தான் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வர டிக்கெட் வாங்கினோம். காணாமல் போன விமானத்தின் மேல் அத்தனை அக்கறை காட்டிய நாம், ஏறப்போகும் விமானத்தின் மேல் அதில் கால்வாசிகூடக் காட்டவில்லை.

ஊகம் செய்வது மனித இயல்புதானே, என்று சிலர் கேட்கலாம். விடை கிடைக்காதபோது மனம் ஒன்றைக் கற்பித்துக்கொள்ளத்தான் செய்யும். பெற்றவர்களும் கட்டியவர்களும் அப்படிக் கற்பனை செய்தால் அது துக்கம். ரியூனியன் தீவில் 2015 ஜூலையில் இறக்கைத் துண்டு ஒதுங்கிய பிறகும் சில குடும்பங்கள் நம்ப மறுத்தன. அதில் எந்தத் தப்பும் இல்லை. நம் நிலை வேறு. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த விமானத்தில் யாரும் இல்லை. நாம் பேசியது பொழுதுபோக்க.

துக்கம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாததும் அல்ல. ஒருவர் இறந்தால் உடலைக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, கொள்ளி வைத்து, மறுநாள் எலும்பு பொறுக்கி, பதினாறாம் நாள் கருமாதி செய்கிற சமூகம் நாம். திதி தவறினால் மனம் பதறுகிறவர்கள் நாம். தஞ்சோங் கூப்பாங்கில் இறந்தவர்களில் எவர் வீட்டாருக்கும் குளிப்பாட்ட உடல் கிடைக்கவில்லை. கிடைத்த எச்சங்கள் அத்தனையும் மதம் பாராமல், இனம் பாராமல், அமைச்சர் என்றும் பணிப்பெண் என்றும் பாராமல் ஜோகூர் பாரு ஜாலான் கெபுன் தேயில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. நினைவிடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. நகரத்துக்கு நடுவே, நாம் அடிக்கடி போய்வரும் சாலை. ஆடி அமாவாசைக்குக் கடற்கரை தேடிப் போகிற நாம் அங்கே ஒரு பூமாலை கொண்டுபோனதில்லை.

மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால் வெட்கம் இன்னும் கூடுகிறது. 1985 ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. இறந்த 329 பேரில் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள். கனடாவே அவர்களைத் தன் மக்களாக நினைக்கத் தவறியது என்று ஒப்புக்கொண்டு, 2010-ல்தான் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அயர்லாந்தில் அகாகிஸ்டா என்ற சிற்றூரில் ஒரு நினைவிடம் எழுந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இறந்தவர்கள் யாரும் சொந்தமில்லை, மொழி வேறு, நிறம் வேறு. தங்கள் கடலில் வந்து இறந்தார்கள் என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஆண்டுதோறும் ஜூன் 23-ல் உறவினர்களோடு அவர்களும் அங்கே கூடுகிறார்கள். தஞ்சோங் கூப்பாங்குக்கு நாம்தான் ஊர்க்காரர்கள். அகாகிஸ்டாக்காரர்கள் செய்ததில் எதை நாம் செய்தோம்?

2025 ஜூனில் அகமதாபாத்தில் ஒரு விமானம் விழுந்தபோதும் நாம் மாறியிருக்கவில்லை. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். விசாரணை முடியுமுன்பே நம் குழுக்களில் விமானிக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த விமானியின் வயதான தந்தை நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது. அவரை அங்கே ஏற்றிய ஆயிரம் கைகளில் நம் கையும் உண்டு.

இனி செய்ய வேண்டியது பெரிதொன்றும் இல்லை. அடுத்த முறை எங்கே எந்த விமானம் விழுந்தாலும், விசாரணைக்காரர்கள் சொல்லாத ஒன்றை நாம் சொல்லாமல் இருப்போம், வந்ததை அனுப்பாமல் இருப்போம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, உள்ளூர் வரலாறு சொல்லும்போது தஞ்சோங் கூப்பாங்கையும் சொல்லுங்கள். சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களே, 1977-ல் கேலாங் பாத்தாப் பக்கம் வாழ்ந்த பெரியவர்களைத் தேடிப் போய், அன்றிரவு என்ன கேட்டார்கள், என்ன பார்த்தார்கள் என்று பதிவு செய்யுங்கள். யார் செய்தார் என்று அவர்களைத் துருவாதீர்கள்.

2027 டிசம்பர் 4 வந்தால் ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. அன்று சனிக்கிழமை, ஜோகூரில் இப்போது விடுமுறை நாள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஜாலான் கெபுன் தே நினைவிடத்துக்கு வாருங்கள்.