முதலில் தொட்டிக்கு, மிச்சம் மண்ணுக்கு

 சென்னையிலும் தெற்குப் புறநகரிலும் வாழும் குடும்பங்களிடமும் குடியிருப்போர் நலச் சங்கங்களிடமும், இதே தெருக்களில் வசிக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். உங்கள் மொட்டை மாடியில் விழும் மழையில், ஆண்டு முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படும் அளவை, அது மண்ணைத் தொடுவதற்கு முன்பே ஒரு தனித் தொட்டியில் பிடித்து வையுங்கள். மிச்சத்தை இப்போது போலவே கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் அனுப்புங்கள். 2003-ல் தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அது நல்ல சட்டம்; அதன் பிறகு நகரின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தச் சட்டத்துக்காக நம் வீடுகளில் நடந்த வேலை பெரும்பாலும் மழையை மண்ணுக்குள் இறக்குவதோடு நின்றுவிட்டது. அடியில் இருக்கும் நீர் நன்றாக உள்ள இடத்தில் அது போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற களிமண் பகுதிகளில் நீர் எளிதில் இறங்குவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிப் பல இடங்களில் இறங்கும் நீர் உப்போடு கலக்கிறது. மேகத்திலிருந்து உப்பில்லாமல் வந்த நீரை உப்பு நீரில் கலக்கவிட்டு, மோட்டார் போட்டு இழுத்து, ஆர்.ஓ. கருவியில் உப்பைப் பிரித்து, அதற்காக இன்னும் இரண்டு மூன்று மடங்கு நீரைக் கழிவாக ஊற்றுகிறோம். இந்தச் சுற்றுவழி குடிநீருக்குத் தேவையே இல்லை என்பது எங்கள் வாதம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. அளவில் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. ஆவியாவதும் வழிந்து வீணாவதும் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும், அந்த மாடியிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் தாராளமாகப் போதும். ஆண்டுக்கு 9,125 லிட்டர். அதாவது மாடியில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 20 லிட்டர் கேனாக எண்ணினால் அது 450 கேனுக்கு மேல். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என எல்லாவற்றையும் மழையிலேயே முடிக்கப் பார்ப்பவர்கள்தான் பெரிய தொட்டிக்கு விலை கேட்டுவிட்டு மலைத்துத் திட்டத்தைக் கைவிடுகிறார்கள். குடிநீரை மட்டும் இலக்காக வைத்தால் தொட்டி சிறியதாகிவிடும். டிசம்பர் கடைசியில் மழை நின்று ஜூன் இறுதியில் அடுத்த நல்ல மழை வரும் என்று கொண்டால் இடையில் 180 நாள், 4,500 லிட்டர். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தால் 7,250 லிட்டர். ஆகவே 5,000 லிட்டர் குறைந்தபட்சம், 7,500 இருந்தால் நிம்மதி. காலியான 5,000 லிட்டர் தொட்டி நிரம்ப ஏறத்தாழ 70 மி.மீ. மழை போதும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரே நாள் அடைமழையில் அது நிரம்பிவிடும்.

அமைப்பு மாடியிலிருந்தே தொடங்குகிறது. கவனக்குறைவு அதிகம் நடக்கும் இடமும் அதுதான். தட்டோடு பதித்த தளமோ, சிமென்ட் பூச்சோ நல்லது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடும், ஈயம் கலந்த பழைய பெயின்ட் உரியும் பரப்பும் குடிநீருக்கு வேண்டாம். மாடிமேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையையும் வேப்பங்கிளையையும் வெட்டிவிடுங்கள். அவை இலையைக் கொட்டுவதோடு எலிக்குப் பாதையும் ஆகின்றன. புறாவுக்குத் தானியம் போடுவதை அந்த மாடியில் நிறுத்த வேண்டியிருக்கும். மேல்நிலைத் தொட்டியின் வழிநீரும் ஏ.சி. நீரும் மழைக்குழாயில் சேரக் கூடாது. நம் ஊருக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. தீபாவளி வருவது சரியாக வடகிழக்குப் பருவமழையின் நேரத்தில். அன்று இரவு மாடியில் படியும் வெடிமருந்துத் தூளும் காகிதக் குப்பையும் அடுத்த மழையில் கரைந்து தொட்டிக்குள் போகும். தீபாவளிக்கு முன்பே தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, மறுநாள் மாடியைக் கழுவி, அடுத்த ஒரு மழையை முழுவதும் வெளியே விட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு மழையின் முதல் நீரையும் ஒதுக்குவது இந்த அமைப்பின் உயிர்நாடி. காற்றின் தூசும் பறவை எச்சமும் அந்த முதல் ஓட்டத்திலேயே வருகின்றன. குறைந்தது ஒரு மி.மீ. மழையை ஒதுக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு அது 93 லிட்டர். பல வீடுகளில் இதற்கென்று இரண்டடி, மூன்றடி நீளத்தில் 4 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அடியில் மூடி போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குழாய் ஒரு மீட்டருக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அதனால் பயன் மிகக் குறைவு. 100 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அது நிரம்பிய பிறகே நீர் தொட்டிக்குத் திரும்பும்படி டீ இணைப்பு போடச் சொல்லுங்கள். டிரம்மின் அடியில் மெதுவாகச் சொட்டும் சிறு துளை இருந்தால் அடுத்த மழைக்குள் அது தானாகக் காலியாகிவிடும். பிளம்பரிடம் நீங்கள் வற்புறுத்த வேண்டியது இதைத்தான்.

தொட்டிக்கு முன்னால் துருப்பிடிக்காத எஃகு வலையும் ஜல்லி, கரடுமணல் அடுக்கும் போதும். நுண்மணல் வடிகட்டியை அங்கே வைத்தால் கனமழையின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காமல் நீர் வெளியே வழியும். மணலின் மேல் உயிர்ப்படலம் வளர்ந்து கிருமியைப் பிடிக்கும் மெதுமணல் வடிகட்டி நல்ல முறைதான்; ஆனால் அதற்கு எப்போதும் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆண்டில் சில வாரம் மட்டும் மழை பெய்யும் வீட்டுக்கு அது ஒத்துவராது. கரடான அழுக்கை வாசலில் நிறுத்திவிட்டு நுண்ணியதைச் சமையலறையில் பார்த்துக்கொள்வதே சரி. தொட்டி சிமென்டாக இருந்தால், சற்றே அமிலத்தன்மை கொண்ட மழைநீரை அதன் சுண்ணாம்பு சமன்செய்யும். பிளாஸ்டிக் தொட்டியும் தகும். வெளிச்சம் புகாத நிறமாக இருக்கட்டும், இல்லையென்றால் பாசி பிடிக்கும். ஆனால் வெள்ளம் நிற்கும் தெருவில் தரைக்கடியில் சம்ப் வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பர் போன்ற வெள்ளத்தில் தெருவின் சாக்கடை சம்ப்புக்குள் இறங்கிவிட்டால், ஆண்டு முழுவதும் சேர்த்த நீர் ஒரே இரவில் கெட்டுப்போகும். அங்கே தரைக்கு மேல், வெள்ளக் குறிக்கும் மேலே மேடை கட்டித் தொட்டியை வையுங்கள். லாரி நீரும் போர்வெல் நீரும் இந்தத் தொட்டியில் ஒருநாளும் கலக்கக் கூடாது. குழாயும் தனியாக இருக்க வேண்டும். நீர் எடுக்கும் வாய் அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் அடியில் படிந்த வண்டல் கலங்கி வராது.

சுத்திகரிப்பு என்றதும் பலர் ஆர்.ஓ.வை நினைக்கிறார்கள். கரைந்த உப்பை நீக்குவதுதான் ஆர்.ஓ.வின் முக்கிய வேலை. மழைநீரில் நீக்க வேண்டிய உப்பு இல்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. மழைநீரில் நமக்குள்ள பிரச்சினை கிருமிதான். அதற்கு மிக எளிய வழி, வடிகட்டிய நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுவது. கொதிக்கவைக்க முடியாதவர்கள் மெழுகுவத்தி வடிவப் பீங்கான் வடிகட்டியோடு புற ஊதா விளக்குக் கருவியைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். தொட்டி முழுவதற்கும் குளோரின் போடுவதென்றால், தெளிந்த நீர் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது நடைமுறை அளவு. 5,000 லிட்டருக்கு 12.5 கிராம். பொடியை நேரடியாகக் கொட்டாமல் வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பழைய பொடி வீரியம் இழந்திருக்கும் என்பதால் புதிதாக வாங்குங்கள். மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைக் குப்பிகள் கிடைக்கின்றன. நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் இதைச் செய்வது நல்லது.

எதிர்வாதங்களை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. மழைநீரில் தாது உப்பு இல்லையே என்கிறார்கள். ஆர்.ஓ. நீரிலும் கேன் நீரிலும் அது மிகக் குறைவுதான். நமக்குச் சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் கேழ்வரகு, கீரை, பால், மீனிலிருந்து வருகிறது. நகரத்துக் காற்று அழுக்காயிற்றே என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. எண்ணூர், மணலி போன்ற ஆலைப் பகுதிகளில் வாழ்பவர்கள் ஆய்வகச் சோதனை இல்லாமல் இந்த நீரைக் குடிக்க வேண்டாம் என்றே நாங்களும் சொல்கிறோம். அங்கே குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்தலாம். எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் உலகின் மூலைமுடுக்கெல்லாம் மழைநீரில் கலந்துவிட்டன என்று 2022-ல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் வந்த கட்டுரையும் கவலைக்குரியது. ஆனால் அதே மழைதான் செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளையும் நிரப்புகிறது. அந்தக் கவலை எல்லாக் குடிநீருக்கும் பொது. மாடி மழைக்கு மட்டும் அதை எதிர்வாதமாக வைக்க முடியாது.

கொசு பற்றிய அச்சம் இவற்றையெல்லாம் விடக் கனமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. நகரத்து மலேரியாவுக்குக் காரணமான அனோஃபிலிஸ் ஸ்டீபன்சையோ கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே தொட்டியின் மூடி, காற்றுக்குழாய், வழிகுழாய், முதல்மழை டிரம் ஆகிய நான்கு இடத்திலும் நெருக்கமான வலை இருந்தே ஆக வேண்டும். வலை போட மனமில்லாதவர்கள் தொட்டி கட்டாமல் இருப்பதே தெருவுக்கு நல்லது.

அடுக்குமாடிகளுக்கு இது ஆகாது என்று சொல்வது முழு உண்மையல்ல. 3,000 சதுர அடி மாடியும் 12 வீடும் உள்ள கட்டடத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் லிட்டர் மழை கிடைக்கும். 12 குடும்பத்தின் குடிநீர்த் தேவை 1,10,000 லிட்டர்தான். மழைக்கு அங்கே குறைவில்லை, தொட்டிக்குத்தான் இடமில்லை. 20,000 லிட்டர் தொட்டி கட்டினாலும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வரும். கோடையின் மிகக் கடினமான வாரங்களுக்கு அதை ஒதுக்கி வைத்தாலே பெரிய ஆறுதல். வானளாவிய கட்டடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வாழ்பவர்களிடம் நாங்கள் இதைக் கேட்கவில்லை. செலவைப் பொறுத்தவரை, 2003-க்குப் பிறகு நம் வீடுகளில் மழைக்குழாய் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதலாக வேண்டியது ஒரு டிரம், வலை, ஜல்லி வடிகட்டி, தொட்டி, தனிக் குழாய். ஓராண்டுக்குக் கேனுக்கும் லாரிக்கும் கொடுத்த பணத்தை ஒரு தாளில் கூட்டி, பிளம்பர் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குடிநீர் தருவது அரசின் கடமை இல்லையா என்று கேட்பவர்களோடு நாங்கள் முழுவதும் உடன்படுகிறோம். ஏரிகளைத் தூர்வாருவதும் சதுப்பு நிலத்தைக் காப்பதும் எல்லாத் தெருவுக்கும் குழாய் நீர் கொண்டுவருவதும் அரசின் பொறுப்பு. அதைக் கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. மாடித் தொட்டி வெள்ளத்தைத் தடுக்கும் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். வெள்ளம் கொண்டுவரும் பெருமழையில் 5,000 லிட்டர் ஒன்றுமே இல்லை. ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் நீர் வந்ததை இந்த நகரம் பார்த்தது. அப்படிப்பட்ட கோடையில் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டியிருப்பது பெரும்பாலும் மாடியோ தொட்டியோ இல்லாத ஏழைக் குடும்பங்கள். இடமும் வசதியும் உள்ள வீடுகள் தம் குடிநீரைத் தாமே சேர்த்து வைத்தால், பொது நீர் அந்த ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதலாகப் போகும். கூரை மழையைக் குடிப்பது நமக்குப் புதிதும் அல்ல. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய சாய்கூரையிலிருந்து விழும் மழையை அண்டாக்களில் பிடித்துக் குடித்தவர்கள் ஆற்று நீர் இல்லாத வறண்ட நாட்டில் வாழ்ந்தவர்கள். நமக்கோ அவர்களைவிட மழையும் அதிகம், வலையும் குளோரினும் சோதனைக் குப்பியும் கையில் இருக்கின்றன.

எனவே சங்கங்களை நாங்கள் வேண்டுகிறோம்: அடுத்த கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, மாடியின் பரப்பையும் தொட்டிக்கான இடத்தையும் அளந்து முடிவெடுங்கள். தனி வீட்டுக்காரர்கள் இந்த ஆடியிலேயே பிளம்பரை அழைத்துப் பேசுங்கள். ஆவணியில் தொட்டியும் டிரம்மும் பொருத்துங்கள். மாடியைக் கழுவி, குழாய் அடைப்பை நீக்கி, புரட்டாசி முடிவதற்குள் எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு தொடங்கினால் இந்த ஆண்டு மழை போய்விடும்.